ஒரு ரூபாய் வரவு

மண்டபம் நண்டுக் கம்பெனியில்
ஐஸ் தண்ணீர் பட்டு விரல் மரத்துப்போகும் நேரத்தில்
டெல்பினின் போன் ஒருமுறை துடிக்கும்.
ஒரு ரூபாய் வரவு.
கீழே ஒரு குறிப்பு:
'நீலச் சுடிதார் நல்லா இருக்கு.
நேத்து ஏன் ஜடை பின்னலை?'

முதல் நாள் எல்லோரும் சிரித்தோம்.
நான்தான் அதிகம் சிரித்தேன்.
"ஒத்த ரூவாய்க்கு மாப்பிள்ளை வந்திருக்காருடி" என்று
கத்தியைத் தட்டில் தட்டினேன்.
அவளும் சிரித்தாள், உதட்டால் மட்டும்.
பார்த்தேன்.
பார்த்துவிட்டு
அடுத்த நண்டின் ஓட்டைப் பிளந்தேன்.

அவன் ஒன்றும் செய்யவில்லை.
தொடவில்லை, பேசவில்லை.
உச்சிப்புளி நிறுத்தத்தில் நின்றான்.
மரைக்காயர்பட்டினம் வளைவில் நின்றான்.
ஞாயிறு பூசை முடிந்து வந்தால்
செருப்புகள் கிடக்கும் இடத்தில்
பைக் டேங்கில் முழங்கை ஊன்றி
தன் நகத்தையே பார்ப்பவன் போல நின்றான்.

நம்பரை மாத்து என்றேன். மாற்றினாள்.
ஒன்பதாம் நாள் வந்தது ஒரு ரூபாய்.
வேற பஸ்ஸில் வா என்றேன்.
நாற்பது நிமிடத் தூக்கத்தைக் கொடுத்தாள்.
நீலத்தை விடு, கொடியேத்தத்துக்குப் போகாதே,
கடைக்குத் தம்பியை அனுப்பு.
நான் சொல்லச் சொல்ல
அவளுடைய ஊரில் ஒவ்வொரு தெருவாகக் குறைந்தது.
கச்சான் காற்றில் கரை அரிபடுவது போல என்று சொல்லலாம்.
ஆனால் அரிபட்ட கரையிடம்
நீ என்ன பண்ணினாய் என்று
யாரும் கேட்பதில்லை.

வீட்டில் சொல்லவில்லை அவள்.
சொன்னால் அண்ணன் அரிவாளைத் தேடுவான்,
அப்பா பூட்டைத் தேடுவார்.
பூட்டு அவன் வீட்டுக்கு இல்லை.

ஒரு ராத்திரி என் வீட்டுக்கு வந்தாள்.
டீயைக் கையிலேயே வைத்திருந்து ஆறவிட்டாள்.
"நூருலக்கா, நான் எங்கயாச்சும்
தெரியாம அவனப் பாத்துச் சிரிச்சிட்டனா?"
எனக்குத் தொண்டை அடைத்தது.
சிரிச்சது நாந்தான் புள்ள, என்றேன்.
அன்றைக்கு யோசனை எதுவும் சொல்லவில்லை.
உனக்கு என்ன வேணும்னு மட்டும் கேட்டேன்.
கொஞ்ச நேரம் கழித்து, "எழுதணும்" என்றாள்.

என் மகனின் பழைய அறிவியல் நோட்டு.
முதல் பக்கத்தில் தவளையின் வாழ்க்கைச் சுழற்சி.
அடுத்த பக்கத்திலிருந்து அவள் கையெழுத்து:

ஜூன் 11, காலை 6.50. உச்சிப்புளி. நின்றான்.
ஜூன் 11, 7.35. கம்பெனி கேட். நின்றான்.
ஜூன் 12. வரவில்லை.
வராத நாளில்தான் அதிகம் திரும்பிப் பார்த்தேன்.
ஜூன் 15. தடைக்காலம் முடிஞ்சு போட்டெல்லாம் கடலுக்குப் போச்சு.
ஜெட்டிக் கூட்டத்தில் எனக்குப் பின்னால், நாலு ஆள் தள்ளி.
ஜூன் 16. ஒரு ரூபாய். 'பிரார்த்தனை பலித்ததா?'

ராமநாதபுரம் மகளிர் ஸ்டேஷனில்
"நின்னது மட்டும்தானா?" என்றார் ஏட்டம்மா.
டெல்பின் பேசவில்லை. நோட்டை நகர்த்தினாள்.
தவளையைப் பார்த்துச் சிரித்தவர்
பதினோராம் பக்கத்தில் மின்விசிறியை நிறுத்தச் சொன்னார்,
தாள் பறக்காமல் படிக்க.

இப்போது நாங்கள் ஆறு பேர்
ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடக்கிறோம்.
முத்துராக்கு வலது பக்கம், மேரி சவேரி பின்னால்.
புளி விலையைப் பேசுவோம், மாமியாரைப் பேசுவோம்,
அவனை மட்டும் பேசமாட்டோம்.
வழக்கு நடக்கிறது. அவன் ஜாமீனில் இருக்கிறான்.
உச்சிப்புளியில் இப்போது
வேறு பைக்குகள் நிற்கின்றன.
நீலச் சுடிதாரை அவள் இன்னும் போடவில்லை.
ஏன் என்று நான் கேட்கப்போவதும் இல்லை.

மொத்தம் நாற்பத்து மூன்று ரூபாய்.
கணக்கில் அதற்குக் கீழே
இருப்பை இறங்க விடுவதில்லை.
சம்பளம் தள்ளிப்போன மாதத்திலும்கூட.
"அது என் காசு இல்லக்கா, சாட்சி."

போன் துடித்தால் இன்றும் எங்கள் மேசையில்
ஆறு கத்திகள் ஒரு நொடி நிற்கும்.
ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துப் பார்ப்பாள்.
"கரண்டு பில்லு" என்பாள்.

நண்டுகளைக் கையில் எடுப்போம்.