கரண்டு போன அரை மணி

திருப்பூர். ஜெனரேட்டரில் டீசல் இல்லை.
பனியன் மூட்டை மேல் உட்கார்ந்து
கேள்வி கேட்கிறார்கள்.

“என்னத்த வளத்தே நீ?”
ஓர் எருமைக்கன்று என்றேன்.
பேரா? வைக்கவில்லை.
நாக்கைச் சொடுக்கினால் வரும்.

“ஆராட்டம் ஆகோணும்னு நெனச்சே?”
எட்டாம் நம்பர் பஸ் கண்டக்டராட்டம்.
பிதுங்கும் கூட்டத்திலும்
எண்ணிப் பார்க்காமலே
மீதிச் சில்லறை சரியாகத் தருவார்.
வஞ்சிக்கொடி சிரித்தாள். சிரிக்கட்டும்.

“சின்னதுல ரொம்பப் புடிச்ச தீனி?”
கச்சாயம்,
அதிலும் ஓரம் கருகி
யாரும் எடுக்காமல் விட்டது
என்பதற்குள் கரண்டு வந்து
முப்பது ஓவர்லாக்கும் ஒன்றாய் இரைந்தன.
பாதி பதில்
மெஷினுக்குள் போயிற்று.

எட்டரைக்கு, கேட்டில், நெரிசலில்
முன்னால் போகும் கோகிலாமணியின் முதுகு.
நாக்கைச் சொடுக்கினேன்.

“ஏம் புள்ளே, நானென்ன எருமையா?”
என்றாள்,
நின்றுகொண்டு.