முள்ளின் பங்கு

பஹ்ரைனில் ஷவர்மா சீவிய கத்தி இது.
கடையைச் சாத்தியபோது சம்பள பாக்கிக்குப் பதிலாக
முதலாளி கையில் திணித்தானாம்.
கொழுந்தன் சூசைரத்தினம் கொண்டுவந்து போட்டார்.
பாம்பன் தெற்குவாடியில் இதை வைத்து எதைச் சீவ?
மூன்று மாதம் அரிசிப் பானைக்குப் பின்னால் கிடந்தது.

மதுரை ஓட்டல்காரன் முள்ளில்லாமல் கேட்டான்.
நாற்பது கிலோ மீன் போட்டால்
பதினெட்டு கிலோ சதை வரணும்,
நோட்டில் கோடு போட்டு எழுதியே வைத்திருந்தான்.
எடுத்துத் துடைத்தேன்.

இரண்டு அலகு. ஒன்றோடொன்று ஒட்டிப் படுத்து
ஒன்று போக ஒன்று வரும்,
சம்பந்திச் சண்டை மாதிரி.
ஐஸ் கடையிலிருந்து வயர் இழுத்து
ஒட்டுப் போட்ட இடத்தில் பாலித்தீன் சுற்றி
காலில் ரப்பர் செருப்போடு நின்றேன்.
முதல் செப்பிலியைக் குறுக்கே அறுத்து
தலையைத் தரையில் உருட்டினேன்.
வாடியே சிரித்தது.

பிறகு காது கற்றுக்கொண்டது.
செவுளுக்குப் பின்னால் இறங்கும்போது விர்ர்.
நடுமுள்ளைத் தொட்டால் கர்ர்.
அங்கே கத்தியைப் படுக்கப் போட்டு
வால்வரைக்கும் விட்டுவிட வேண்டும்.
அழுத்தக் கூடாது.
அழுத்துகிற புத்தி போக ஒரு மாதம் பிடித்தது.
வாலில் ஒரு விரல் ஒட்டியிருக்க
சதையை ஏடு திருப்புவதுபோலத் திருப்பி
தோலுக்கும் அதற்கும் நடுவில் நுழைந்தால்
செதில் தட்டாமலே வெள்ளையாய்க் கழன்றுவிடும்.

ராத்திரி செபமாலை எடுத்தால்
மணிகள் விரலிடுக்கில் தானாய் நகர்ந்தன.
மாதாவுக்கும் அவசரம் போல.

ஒரு விடிகாலை, விளைமீன்.
கரையேறி அரைமணிகூட ஆகவில்லை.
அது நடுங்கியது, கத்தி நடுங்கியது, மணிக்கட்டு நடுங்கியது.
எது எதனுடையது என்று பிரிக்கத் தெரியவில்லை.
பாதி உடம்பில் கரண்டு போனது.
அலகு நின்ற அமைதியில்
வால் மட்டும் இரண்டு தடவை பலகையைத் தட்டியது.
உருவினால் சதை கிழியும்.
அப்படியே நின்றேன், இருபது நிமிஷம்,
பொத்தானிலிருந்து விரலை எடுக்க மறந்து.
கரண்டு வந்ததும்
அது பாட்டுக்கு அறுக்கத் தொடங்கியது,
என்னைக் கேட்காமல்.

மைமூன் தினமும் முள்ளு வாங்க வருவாள்.
நாலு பிள்ளை. புருஷன் போட்டில் கூலி,
போட்டு போகாத நாளில் அதுவும் இல்லை.
தலையும் முள்ளும் ஒரு பை, முப்பது ரூபாய்.
நான் தடுமாறிய மாதத்தில்
கைவிரல் தடிப்புக்குச் சதை முள்ளோடு போனது.
சின்னவன் ரெண்டு தட்டுச் சோறு தின்கிறான் என்றாள்.
நான் தேறத் தேற முள்ளு சீப்பானது.

அன்றைக்கு ஒரு முள்ளை வெளிச்சத்தில் தூக்கி
பல்லிடுக்கு வழியே
எதிரே கட்டியிருந்த போட்டின் நம்பரை
எழுத்துக் கூட்டி வாசித்தாள்.
"மிசின் நல்லாப் படிச்சிருச்சு அக்கா.
எங்க சட்டிதான் பெயிலு."
முப்பதை எண்ணி வைத்துவிட்டுப் போனாள்.
குறைத்துக் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன்,
விஷயம் அதோடு முடிந்திருக்கும்.

மறுநாள் கர்ர் என்கிற இடத்துக்கு
ஒரு நகம் மேலேயே கத்தியைப் படுக்கவைத்தேன்.
விர்ர் என்றுதான் போனது,
வால்வரைக்கும்.

வண்டிக்காரப் பாண்டித்துரை தராசைக் குனிந்து பார்த்தான்.
"முக்கால் கிலோ குறையுதே?"
"கச்சான் அடிக்குதுல்ல,
தண்ணி வத்தியிருக்கும்."
காற்றைப் பார்ப்பதுபோல் கொஞ்சம் அண்ணாந்தான்.
கடலில்லாத ஊர்க்காரன்.
பேனாவை உதறி
குறைவு என்ற கட்டத்தில் எழுதிக்கொண்டான்:
கச்சான், முக்கால்.