ஐஸ்பெட்டி மூடி

இன்றைக்கு ரெமிக்கு முப்பத்தொன்று.
படகைப் பங்கு பிரித்த நாளிலிருந்து
பேச்சில்லை.

'அன்புத் தம்பிக்கு' என்று அடித்தேன்,
அழித்தேன்.
கேக்குப் படம் ஒட்டிப் பார்த்தேன்,
ரோஜாவெல்லாம் பல்லிளித்தன.
'மாதா காக்கட்டும்' என்பது
அம்மா சொல்வது, எனக்கு வராது.

கடைசியில் போனது இதுதான்:
'ஒன் ஐஸ்பெட்டி மூடி
எங்க வீட்லதான் கெடக்கு.
இல்லேன்னு பொய் சொன்னேன்.
வந்து எடுத்துக்க.
நண்டு வாங்கிருக்கேன்.'

ஒற்றை டிக்.

சனிக்கிழமை. விசைப்படகெல்லாம் போயிருக்கும்.
தங்கச்சிமடத்து டவர்
கடலுக்குள் கொஞ்ச தூரம்தான்
கூட வரும்.

நண்டை ஐஸில் புதைத்து
அந்த மூடியைப் போட்டேன்.
என் பெட்டிக்கு அது
ஒரு நாளும் பொருந்தியதில்லை.
மேலே கல்லை வைத்துவிட்டு
மறுபடி போனை எடுத்தேன்.