மொழிப்படி

அல் குவைரில் கொடிகள் வரிசையாய் நிற்கும் தெருவில்
கடலுக்கு முதுகு காட்டிய அறை எனக்கு.
இருபத்தேழு ஆண்டு ஆப்பிரிக்கா,
கடைசி இரண்டுக்கு மஸ்கட்.
"ஓய்வுக்கு முன் கொஞ்சம் ஓய்வு" என்றார்
தில்லியில் கோப்பில் கையெழுத்திட்டவர்.

அடிஸ் அபாபாவில் மூன்றாம் செயலர்,
தார் எஸ் சலாமில் இரண்டாம்,
லுசாகாவில் முதல்.
எண் குறையக் குறைய நாற்காலி உயரும் படிக்கட்டு அது.
அதற்கு மேல் எனக்குப் படி வைக்கவில்லை.

சுவாஹிலித் தேர்வில் தேறியதற்கு
மாதாமாதம் மொழிப்படி தந்தார்கள்.
அந்தப் பணத்தில் மகளுக்கு வயலின் வாங்கினேன்.
அவள் அதைத் தொடவில்லை.

'நிலைமை கவலைக்குரியது, ஆனால் கட்டுக்குள்'
என்ற வரியை
நான்கு தலைநகரங்களிலிருந்து அனுப்பியிருக்கிறேன்.
ஒருமுறை அதைத் தட்டச்சு செய்கையில்
சன்னல் கண்ணாடி மேசைமேல் கிடந்தது.

இங்கே எனக்குச் சடலங்கள்.
சோஹாரில் லாரி, சலாலாவில் சாரம் சரிந்த கொத்தனார்,
சரக்குப் பிரிவில் இடம், எடை, முத்திரை.
வெள்ளிதோறும் மத்ரா மீன்சந்தை.
சன்சிபாரில் பிறந்த நாசர் அல் பர்வானி
சூரையை வெட்டிக்கொண்டே
என் பன்மை விகுதிகளைத் திருத்துவார்.
"உன் சுவாஹிலியில் அரசாங்க வாடை அடிக்கிறது, பாலோஸி."
பாலோஸி என்றால் தூதர்.
நான் அதுவாகவே இல்லை என்று
இன்னும் அவரிடம் சொல்லவில்லை.

ஒரு வியாழன், கதவடைத்த பிறகு
வாயிலிலிருந்து திலக் அழைத்தான்.
"ஒரு பொண்ணு, சார். நம்ம ஆள் இல்ல."

ஒற்றைச் செருப்பு. உரிந்த முழங்கை.
எந்தக் கொடியானாலும் சரியென்று
டாக்சியிலிருந்து இறங்கியிருக்கிறாள்.
அவள் நாட்டுக்கு இந்தத் தெருவில் கொடி கிடையாது.
சுவாஹிலியில் கேட்டேன், தலையை ஆட்டினாள்.
அவளிடம் இருந்த அரபு முழுக்க ஏவல்வினை:
வா, எழு, துடை, சீக்கிரம்.
அவற்றை எனக்கு ஒப்பித்துக் காட்டினாள்,
இதுதான் நடந்தது என்பதுபோல.

பிறகு, யாரிடமும் இல்லாமல், "மட்ஸி" என்றாள்.

தண்ணீர்.
லுசாகாவில் மின்வெட்டு இரவுகளில்
கரியடுப்பில் சோளம் வாட்டியபடி
காவலர் ம்பேவே சொல்லித்தந்த சொல்.
படி கிடைக்காத மொழி.
நேரம் போகாமல் கற்றது.

இரண்டு குவளை குடித்தாள்.
எனக்கு நாற்பது சொல் நினைவிருந்தது,
பாதி சமையலறைச் சாமான்.
பெயர் தியாமிக்கே என்றாள்.
ஊரைச் சொன்னாள், எனக்குப் புரியவில்லை.
முழங்கையைக் காட்டியபோது
"பெபானி" என்றேன்.

இந்தச் சொல்லைத் தப்பு செய்தவன் மட்டும் சொல்வதில்லை.
கல் தடுக்கி ஒருவன் விழுந்தால்
தடுக்கப்படாமல் பக்கத்தில் நின்றவனும் சொல்வான்.
எங்கள் அலுவலகத்தில் 'வருந்துகிறோம்' என்று எழுத
சட்டப் பிரிவின் ஒப்புதல் வேண்டும்.
இருபத்தேழு ஆண்டில் ஒருமுறை கேட்டேன்,
வரவில்லை.

அன்றிரவு வருகையாளர் கூடத்தில் தூங்கினாள்.
விதியில் இல்லை.
மறுநாள் நாசரின் தங்கை வீட்டுக்குப் போனாள்,
அதுவும் விதியில் இல்லை.
பதினோராம் நாள் அடிஸ் வழியாக விமானம்,
செலவை எந்தத் தலைப்பில் எழுதினேன் என்பதை
நான் ஓய்வு பெற்றபின் கேளுங்கள்.

அறிக்கையில் முதன்முறையாக
'கட்டுக்குள் இல்லை' என்று முடித்தேன்.

தில்லி அதை விட்டுவிட்டது.
வேறொன்று கேட்டது:
மொழிபெயர்ப்பாளரின்றி எம்மொழியில் விசாரித்தீர்,
தேர்ச்சிச் சான்றை இணைக்கவும்.

சான்று இல்லை, எழுதினேன்.
ம்பேவே, இரவுக் காவலர், லுசாகா.
முழுப் பெயர் நான் கேட்டுக்கொள்ளவில்லை.