இடது கை

கழனிவாசல் ரேஷன் கடையில்
சேவுகப்பெருமாள் மெஷினை நீட்டினார்.
இடது பெருவிரல் வைத்தேன். சிவப்பு.
ஆள்காட்டி. சிவப்பு.
"நல்லாத் துடைச்சுட்டு வைங்கக்கா."
முந்தானையில் துடைத்தேன்.
முந்தானையோடு கொஞ்சம் தோலும் வந்தது.
நடுவிரல். சிவப்பு.
பின்னால் வரிசை உச்சுக் கொட்டியது.
"சரி, வலது கை."
வைத்த உடனே பச்சை.

அரிசி வாங்கிக்கொண்டு நடந்தேன்,
ஒரே உடம்பில் பாதி மட்டும் நானாக.

உமையாள் ஆச்சியின் ஊறுகாய்க் கொட்டகையில்
பதினோரு பேர் பூண்டு உரிக்கிறோம்.
கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி.
உரிப்பதை நிறுத்தாமலே
வைத்தியமும் பார்ப்பார்கள்.
சூட்டு உடம்பு, நல்லெண்ணெய் வை என்றாள் ஒருத்தி.
சர்க்கரை இருக்கும், எங்கள் மாமாவுக்கு இப்படித்தான்.
பாத்திரம் விளக்கும் சோப்பு.
சத்துக் குறைச்சல்.
யாரோ உன்னைப் பார்த்து வயிறெரிந்திருக்கிறார்கள்.
என்னைப் பார்த்தா?
அடைக்கலமேரி மட்டும் ஒன்றும் சொல்லாமல்
தன் இடது கையை விரித்துக் காட்டினாள்.
அதே மூன்று விரல்.
அதே வெடிப்பு,
சித்திரை மாதத்துக் கண்மாய் போல.

பெரியாஸ்பத்திரியில் டாக்டர் ஷகிலா பர்வீன்
கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு
பேனாவை நீட்டினார்.
"இதுதான் பூண்டு. உரிங்க பார்ப்போம்."
இல்லாத கத்தி வலது கைக்குப் போனது.
பேனா தானாக வந்து உட்கார்ந்தது
இடது பெருவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் நடுவில்,
நடுவிரல் முட்டுக் கொடுக்க.
நாங்கள் இருவருமே அதைப் பார்த்தோம்.

பூண்டுச் சாறு சிலருக்கு ஒத்துக்கொள்ளாதாம்.
வருஷக் கணக்கில் தொட்ட பிறகு ஒருநாள்
தோல் போதும் என்று சொல்லிவிடுமாம்.
மெல்லிய ரப்பர் உறையையும் அது தாண்டிவிடும்,
உள்ளே வேர்வை சேர்ந்தால் இன்னும் மோசம்.
களிம்பு இரண்டு வாரம், அதற்கு மேல் கூடாது.
வெந்நீர் வேண்டாம். உரியும் தோலைப் பிய்க்க வேண்டாம்.
கை கழுவி ஈரம் காயும் முன்னே வாசலைன் தடவு,
ராத்திரி பருத்தி உறை போட்டுத் தூங்கு.
"முக்கியமா, ஒரு மாசம் பூண்டைத் தொடாதீங்க."

நான் சிரித்துவிட்டேன்.
அவர் சிரிக்கவில்லை.

கெட்டிக்காரத்தனமாக
முதலில் கத்தியை இடது கைக்கு மாற்றினேன்.
எட்டுக் கிலோ இரண்டரைக் கிலோ ஆனது.
நான்காம் நாள் வலது பெருவிரல் நமைத்தது.
அடுத்த மாத அரிசி நினைவுக்கு வந்து
கத்தியைக் கீழே வைத்தேன்.

ஆச்சியிடம் சீட்டைக் காட்டினேன்.
அவர் கண்ணாடியைப் போட்டுப் படித்தார்,
கழற்றிவிட்டும் படித்தார்.
லேபிள் ஒட்டு, ஒரு மாசம், நாள் கூலி என்றார்.
நாள் கூலி கம்மி.
"மேரிக்கும் அதே கைதான் ஆச்சி."
"எல்லாரும் லேபிள் ஒட்டினா யார் உரிக்கிறது?"
அந்தக் கேள்வி இன்னும்
கொட்டகையில்தான் இருக்கிறது.
என் களிம்பில் பாதியை
ஒரு வெற்றிலையில் வழித்து மேரிக்குக் கொடுத்தேன்.
வரும் செவ்வாய் அவளையும் சீட்டுப் போட
இழுத்துக்கொண்டு போக வேண்டும்.

இப்போது சிங்கப்பூர் போகும் பாட்டில்களுக்கு
லேபிள் ஒட்டுகிறேன்.
இதுவரை போனவற்றில்
என் ரேகையும் கொஞ்சம் போயிருக்கும்.
எண்ணெயில் ஊறி, மிளகாயில் சிவந்து,
பாஸ்போர்ட் இல்லாமல்.

ராத்திரிக்குப் பருத்தி உறை கிடைக்கவில்லை.
மகனின் பள்ளிக்கூட சாக்ஸை மாட்டிக்கொண்டேன்.
காலையில் அவன் கத்திய கத்தல்
கோட்டையூர் வரை கேட்டிருக்கும்.
அன்று முழுக்க வாசலைன் மணக்கும் காலோடு
கணக்குப் பரீட்சை எழுதினான்.

மூன்றாவது வாரம்
பழைய தோல் ஓரமாகச் சுருண்டு விலக
கீழே ஒன்று தெரிந்தது, வெளிர்சிவப்பாய்,
வெந்தயம் பட்டாலும் கூசுகிற ஒன்று.
விளக்கடியில் பிடித்துப் பார்த்தேன்.
கோடுகள் இருந்தன. மெல்லிசாக.
பழைய கோடுகளா என்று கேட்டால்
பழையதை நான் எங்கே பார்த்தேன்?

ஒன்றாம் தேதி மறுபடி வரிசை.
சேவுகப்பெருமாள் பழக்கத்தில்
"வலது கை வைங்கக்கா" என்றார்.
இடது பெருவிரலை வைத்தேன்.
மெஷின் யோசித்தது.
பின்னால் ஒருவர் உச்சுக் கொட்டினார்.
சிவப்பும் வரவில்லை, பச்சையும் வரவில்லை.
மீண்டும் வைக்கவும் என்று எழுத்து ஓடியது.

மீண்டும் வைத்தேன்.