பதினேழாம் மேசை

டுலூத்தில் பிப்ரவரி. ஏரி கல்லாய்க் கிடந்தது.
விடியுமுன் மூன்று முறை
மண்டப வாசலின் பனியை வழித்துத் தள்ளிவிட்டு
கை சூடேற்ற உள்ளே போனேன், அவ்வளவுதான்.
காபி இலவசம் என்று யாரோ சொன்னார்கள்.
இல்லை. இரண்டு டாலர்.

உள்ளே நானூறு பேர்
தலைக்கு மேல் எண் தொங்கும் மேசைகளைத் தேடி
கோப்பும் பையுமாய் அலைந்தார்கள்.
விமான நிலையம் போலிருந்தது,
ஆனால் யாரும் கட்டடத்தை விட்டுப் போவதாய் இல்லை.

பதினேழாம் மேசையில் சிக்கல்.
கழுத்தில் விசில் மாட்டிய க்ளென்னா
விரல்விட்டு எண்ணினாள்: ஒன்று, இரண்டு, மூன்று.
நான்கு பேர் சேராமல் ஆட்டம் கிடையாது, விதி.
நான்காமவர் நெடுஞ்சாலைப் பள்ளத்தில்
இழுவை வண்டிக்குக் காத்திருக்கிறாராம்.
அந்தச் சாலை என் பொறுப்பில்லை.
சொல்லிவைக்கிறேன்.

அவள் பார்வை என் ஆரஞ்சுச் சட்டையில் வந்து நின்றது.
"நாலு மணி நேரம் இருக்குமா உங்களுக்கு?"
இல்லை என்று வாயெடுத்தேன்.
கண்ணாடிக்கு வெளியே பனி விட்டிருந்தது, துரோகி.

கையில் ஒரு தாளைத் திணித்தார்கள்.
அதில் ஒருத்தி ஏற்கெனவே பிறந்து வளர்ந்திருந்தாள்:
வைத்தியக்காரி, முதல் நிலை, உயிர்ப் புள்ளிகள் ஒன்பது,
தெரிந்த மொழிகள் மூன்று. எனக்கு ஒன்று.
பெயருக்கான கோடு மட்டும் காலி.
"எதையாவது எழுதுங்க," என்றார்
ஆட்டம் நடத்தும் மெர்ல்.
வார நாட்களில் பல்செட் செய்பவர்.
என் பனிவாரி வண்டியின் பெயரை எழுதினேன்:
பெட்ரா.

மருந்துக்கடை பா ஹுவா கோடரி தூக்கினாள்.
நீதிமன்ற எழுத்தர் இர்மா நெருப்பு எறிந்தாள்.
பதினைந்து வயது சைலஸ் திருடன்;
பகடையோடு மட்டுமே பேசினான்.
பதினோரு மேசைகளில் அதே நேரத்தில்
அதே ஆறு, அதே பாலம்,
அதே சுங்கக்காரன் ஈட்டியோடு.

இருபது முகப் பகடையை உருட்டினேன்.
தயங்கித் தயங்கி ஒன்றில் நின்றது.
வேறு ஆட்டங்களில் ஒன்றுதான் தாயம்,
அது விழுந்தால்தான் காயே நகரும்.
இங்கே ஒன்று என்றால்
பெட்ரா தன் அங்கியிலேயே தடுக்கி விழுந்தாள்.
மேசையே "ஐயோ" என்றது.
முன்பின் தெரியாதவர்கள்
எனக்காக ஐயோ என்று
எத்தனை காலம் ஆயிற்று?

கடைசியில் சுங்கக்காரன் சாய்ந்தான்.
என்னிடம் ஒரே ஒரு குணமாக்கும் மந்திரம் மிச்சம்.
கோடரிக்காரிக்கு ரத்தம் ஒழுகியது.
எனக்கே ஒன்பதில் இரண்டுதான்.
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் அவனை நினைத்துக்கொண்டிருந்தேன்.
ராத்திரி முழுக்கக் குளிரில்
யாருடைய பாலத்தையோ
சம்பளத்துக்குக் காத்தவன்.

"அவனுக்கு," என்றேன்.

மெர்ல் பக்கங்களைப் புரட்டினார்.
முன்னுக்கு, பின்னுக்கு, மறுபடி முன்னுக்கு.
அதற்கான பத்தி எதிலும் இல்லை.
"என் கையைப் பாருய்யா," என்றாள் பா ஹுவா.
சைலஸ் தலை தூக்கினான், அன்று முதல் தடவை:
"அவனுக்கே குடுங்க."

புத்தகத்தை மூடினார் மெர்ல்.
இருமினார். குரலை மாற்றிக்கொண்டார்.
"என் ஷிஃப்ட் முடிஞ்சுதா?" என்று கேட்டான் சுங்கக்காரன்.
இர்மா சிரித்ததில் என் காபி கவிழ்ந்தது.

முடிவில் கையெழுத்துப் போட்ட தாள் ஒன்று,
எட்டு இலக்கத்தில் எனக்கொரு எண்.
மதியம் விசில் ஊதி க்ளென்னா வாசித்தாள்:
பத்து மேசைகளில் சுங்கக்காரன் செத்தான்.
ஒன்றில் பிழைத்தான்.
அடுத்த வருடக் கதையைப் பெரும்பான்மை பார்த்துத்தான்
எழுதுவார்களாம்.
எழுதட்டும்.

வெளியே மறுபடி கொட்டத் தொடங்கியிருந்தது.
தாளை மடித்துச் சட்டைக்குள் வைத்து வண்டியைக் கிளப்பினேன்.
முழங்கால் வரை சேறாய் ஒரு மனிதர் குறுக்கே வந்தார்,
முதுகில் பை, கையில் நனைந்த சீட்டு.
"பதினேழாம் மேசை எந்தப் பக்கம்?"
"முடிஞ்சிடுச்சு."
"என்ன ஆச்சு?"

இறக்கிய தகட்டை மேலே தூக்கினேன்.
நாங்கள் ஒரு பாலத்துக்கு வந்தோம், என்று தொடங்கினேன்.