சொல்லிவிட்டு இறங்குதல்

ஷாருலுக்குத் தோள்பட்டை மட்டும்தான்.
ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து
ஒற்றைக் கையால் மீ கோரெங் தின்கிறான்.

இங்கே பத்து காந்தோங் லாயத்தில்
மூன்று வயதுக் கோப்பி
ஒன்பது நாளாய்
சேணத்தின் வாசம் பட்டாலே
சுவரோடு சுவராய் ஒட்டிக்கொள்கிறது.

நீலத் தார்ப்பாய்க்கு மிரண்டது என்றார்கள்.
அதே தார்ப்பாயைத் தீவனத் தொட்டிக்கு அடியில் விரித்தேன்.
மிதித்துக்கொண்டு தின்றது.
தார்ப்பாய் இல்லை, அப்படியானால்.
முதுகில் இருந்த ஒருவன்
திடீரென்று இல்லாமல் போனது.

அதனால் பாரத்திலிருந்து தொடங்கினேன்.
முதலில் என் உள்ளங்கை.
பிறகு ஈரச் சாக்கு.
ஐந்து கிலோ அரிசிப் பை.
எதை எடுத்தாலும் சொல்லிவிட்டே எடுத்தேன்:
"எடுக்கிறேன்டி கோப்பி. எடுத்துட்டேன்."

பதினோரு வருடமாய் நான் இங்கே சைஸ்.
கயிற்றைப் பிடித்து நடப்பவள்.
ஏறியதில்லை. ஏறச் சொன்னவரும் இல்லை.

இன்று கொடிமலையிலிருந்து மேகம் இறங்குமுன்
வாளியைக் கவிழ்த்துப் போட்டு ஏறி
அதன் முதுகில் குறுக்கே
வயிற்றால் தொங்கினேன்,
காயப்போட்ட துணி மாதிரி.
ஒரு காது மட்டும் பின்னால் திரும்பியது.
விலாவில் இடித்தது அதன் நெஞ்சா என்னுடையதா,
தெரியவில்லை.

"இறங்குறேன்" என்றேன்.
இறங்கினேன்.
கழுத்தை வளைத்துப் பார்த்தது.

நகராமல் நின்றேன்,
என் சட்டைப் பைக்குள் மூக்கை நுழைத்து
இல்லாத வெல்லத்தை
அது தேடி முடிக்கும் வரை.